எந்தத் தண்ணீரில் நின்றீர்கள்?

(செஞ்சியில் வாசகர் வட்டம் ஒன்றின் மழைக்காலக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மழை இன்றைக்குக் கொஞ்சம் வழிவிட்டிருக்கிறது. வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். பாதிக்குமேல் சேற்றுச் செருப்பு. நான்கைந்து பேர் செருப்பே இல்லாமல் வந்திருக்கிறீர்கள் என்பது படியில் பதிந்த தடங்களில் தெரிந்தது. இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரையை என்னால் எழுதிக்கொண்டு வந்திருக்க முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மாட்டு டாக்டர். மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்தவன் இல்லை. செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பக்கத்துக் கொட்டாய்களில்தான் என் காலம் போயிற்று. எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேச மாட்டு டாக்டரை ஏன் கூப்பிட்டார்கள் என்று யாருக்காவது தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சந்தேகத்தில்தான் இந்த நோயின் பாதிக் கதை இருக்கிறது.

நம் கோட்டையிலிருந்தே தொடங்கலாம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இதே கோட்டைக்கு 18ஆம் நூற்றாண்டில் ஒரு கெட்ட பெயரும் இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் இதை ஒரே இரவில் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டில் இங்கே அவர்கள் இழந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் 1,200 பேர் என்று ராபர்ட் ஓர்ம் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். பீரங்கிக்கு இரையானவர்கள் அல்லர், உடம்பு கெட்டுச் செத்தவர்கள். அப்போது கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடங்களில் செஞ்சியும் ஒன்று என்று பிறகு வந்த அரசாங்கக் குறிப்புகளும் அதையே திருப்பிச் சொல்லின.

அது எலிக்காய்ச்சல் என்று நான் சொல்ல வரவில்லை. மலேரியாவாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எனக்கு உறுத்துவது வேறு. 1,200 பேர் செத்திருக்கிறார்கள், எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. ‘செஞ்சிக் காற்று, செஞ்சித் தண்ணீர்’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். 270 ஆண்டு கழித்து நாமும் ‘மர்மக் காய்ச்சல்’ என்று பேப்பரில் போட்டு முடித்துவிடுகிறோமே, அதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

2024 நவம்பர் கடைசியை நினைத்துப்பாருங்கள். ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. நமக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. சங்கராபரணி என்ன ஆட்டம் ஆடியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புயல் நம்மிடம் வருவதற்கு முன் இலங்கையின் கிழக்குக் கரையை உரசிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்திலும் அதே வாரம் வெள்ளம். வெள்ளம் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும், பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல், அப்புறம் மூச்சுத் திணறல், அப்புறம் மரணம். சில நாட்களுக்குள் ஏழு பேர் வரை இறந்துபோனார்கள். இளவயதுக்காரர்களும் அதில் உண்டு. முதலில் அங்கேயும் மர்மக் காய்ச்சல் என்றுதான் செய்தி வந்தது. மாதிரிகளைச் சோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வயலில் இறங்குகிறவர்களைத் தேடிப்போய் மாத்திரை கொடுத்தார்கள்.

இலங்கைக்கு இது புதிய நோய் இல்லை. 2008இல் மட்டும் அங்கே 7,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அதெல்லாம் மழை கொட்டும் தென்மேற்குப் பக்கத்து நோய் என்றே நினைத்திருந்தார்கள். கேகாலை, இரத்தினபுரி என்றால் டாக்டருக்கு உடனே எலிக்காய்ச்சல் ஞாபகம் வரும். வறண்ட யாழ்ப்பாணத்தில் வராது. முதலில் அதை மர்மக் காய்ச்சல் என்று நினைத்துத் தாமதமானதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நோய் வரைபடம் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை, ஈரம் பார்த்து நடக்கிறது.

இனி அந்தக் கிருமி. லெப்டோஸ்பைரா என்று பெயர். நூலைவிட ஆயிரம் மடங்கு மெலிந்த ஒரு சுருள். முனைகள் கொக்கிபோல வளைந்திருக்கும். 1907இல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டில் இதைக் கண்டார். பார்க்கக் கேள்விக்குறி மாதிரி இருக்கிறது என்று ‘இன்டெரோகன்ஸ்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. இதுதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபித்தவர்கள் ஜப்பானில் இனாடாவும் இடோவும், 1915ஐ ஒட்டி. கியூஷு தீவில் தண்ணீர் தேங்கிய நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைசெய்த கூலிகளிடமிருந்து கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில் ஐரோப்பாவில் முதல் உலகப் போர். பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த சிப்பாய்களிடமிருந்து ஜெர்மானியர்களும் கண்டுபிடித்தார்கள். சுரங்கம், பதுங்குகுழி, கழனி எல்லாம் இந்தக் கிருமிக்கு ஒன்றுதான். சேறு இருக்க வேண்டும், அதில் மனிதன் வெறுங்காலோடு நிற்க வேண்டும், பக்கத்தில் எலி இருக்க வேண்டும்.

எலிக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. அதன் சிறுநீரகத்தில் கிருமி குடித்தனம் நடத்தும், எலி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போகிற இடமெல்லாம் மூத்திரம் விடும். வெயிலில் காய்ந்தால் கிருமி செத்துவிடும். ஈரமண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில், தோது இருந்தால் மாதக்கணக்கிலும் கிடக்கும். காலில் ஒரு சிராய்ப்பு, சேற்றுப்புண், வெகுநேரம் ஊறிப்போன தோல், கண், மூக்கு, வாய் என்று ஏதாவது ஒரு வழி அதற்குப் போதும். ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் காய்ச்சல் வரும். சிலருக்கு இரண்டே நாளில், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

இங்கேதான் பெயர் நமக்குச் செய்த துரோகம். எலிக்காய்ச்சல் என்றதும் “எலி எதுவும் கடிக்கலையே சார்” என்பார்கள். கடிக்க வேண்டியதே இல்லை. எலியை நீங்கள் பார்த்திருக்கக்கூட வேண்டாம். அதோடு எலி மட்டும்தான் குற்றவாளி என்பதும் சரியில்லை. பெருச்சாளி உண்டு, பன்றி உண்டு, நாய் உண்டு. எங்கள் கட்சிக்காரர்களான மாடுகளும் உண்டு. மாட்டுக்கு இந்த நோய் வந்தால் பல சமயம் வெளியே தெரியாது. திடீரென்று பால் குறையும். சினைமாடு ஏழு, எட்டு மாதத்தில் கன்று வீசிவிடும். “கண்ணு பட்டுடுச்சு டாக்டரே” என்பார்கள். அந்த மாட்டின் மூத்திரம் கொட்டாயிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து நாற்றங்காலுக்குப் போகும். நாற்றுப் பிடுங்குகிற அம்மாவுக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல். அவரை ஒரு டாக்டர் பார்ப்பார், மாட்டை ஒரு டாக்டர் பார்ப்பார். இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள்.

எனக்கே வந்தது. வேலையில் இருந்த காலம். ஐப்பசி மாதத்து ராத்திரி, ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று கூப்பிட்டார்கள். கையுறை தீர்ந்துபோயிருந்தது. முழங்கைவரை வெறுங்கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தேன். முந்தின நாள் வேலிக்காத்தான் முள் கிழித்த காயம் உள்ளங்கையில் இருந்தது, மறந்தே போனேன். பன்னிரண்டாம் நாள் சாயந்தரம் குளிர் தூக்கிப்போட்டது. தலைவலி என்றால் அப்படியொரு தலைவலி. கண் இரண்டும் கோவைப்பழம். ஆனால் பீளை இல்லை. கெண்டைக்கால் மட்டும், போர்வை பட்டாலே அலறுகிற அளவுக்கு வலித்தது. ஓர் ஆஸ்பத்திரியில் டெங்கு என்று ரத்தத் தட்டுகளை எண்ணினார்கள். இன்னோர் இடத்தில் மஞ்சள் காமாலை என்றார்கள். வீட்டில் கீழாநெல்லி அரைத்து வைத்துவிட்டார்கள். ஐந்து நாள் போயிற்று. மூன்றாவதாகப் பார்த்தவர் வயதானவர். ரிப்போர்ட்டை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, கெண்டைக்காலை லேசாக அழுத்தினார். நான் துள்ளினேன். “போன ரெண்டு வாரத்துல எந்தத் தண்ணியில நின்னீங்க? எதுல கைய விட்டீங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றைக்கே பென்சிலின் ஏறியது.

கால்நடைப் படிப்பில் லெப்டோஸ்பைராவைப் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் செய்தவன் நான். என் காய்ச்சலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதனால் எந்த டாக்டரையும் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

இதே கேள்வி கேட்கப்படாமல் ஐந்தாண்டு தவித்த ஒரு தீவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அந்தமான்.

வட அந்தமானில் திக்லிப்பூர் என்று ஊர். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய பகுதி. காட்டை வெட்டி, நெல் பயிரிட்டு வாழ்கிற ஜனங்கள். 1988 முதல் அங்கே மழை ஓய்கிற சமயத்தில், அக்டோபர் நவம்பரில், ஒரு காய்ச்சல் வர ஆரம்பித்தது. நல்ல திடகாத்திரமானவர்கள் நாலு நாள் காய்ச்சலில் படுப்பார்கள், இருமினால் ரத்தம் வரும், மூச்சு முட்டி இறந்துபோவார்கள். அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் அதே கதை. இன்னதென்று தெரியாததால் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டாலே ஏதோ புதிய வைரஸ் மாதிரி இருக்கிறது அல்லவா? 1993 வாக்கில் போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையத்தைச் சேர்ந்த சேகலும் அவருடைய குழுவும் ஆராய்ந்து, இது லெப்டோஸ்பைரா, நுரையீரலைத் தாக்குகிற வகையில் வந்திருக்கிறது என்று நிறுவினார்கள். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. அந்தமானில் இந்த நோய் இருக்கிறது என்று டெய்லர், கோயல் என்ற இருவர் 1931லேயே தனி நூலாக எழுதி வெளியிட்டிருந்தார்கள். அந்தத் தீவு கைதிகளின் குடியேற்றமாக இருந்த காலம் அது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி வந்த முதல் பெரிய ஆராய்ச்சியே அந்தமானைப் பற்றியதுதான். பிறகு அறுபது ஆண்டு மறந்துபோனார்கள். கைதிகள் போனார்கள், அகதிகள் வந்தார்கள். எலிகளும் சேறும் அப்படியேதான் இருந்தன. நூல் ஏதோ அலமாரியில் இருந்தது. மறுபடி கண்டுபிடிக்கிறவரை ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை மறப்பது ஒரு வகை. அச்சில் இருப்பதை மறப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு மன்னிப்பு கொஞ்சம் குறைவுதான்.

அதற்குப் பின் அந்த மையத்தார் வேலையைச் சும்மா விடவில்லை. அந்தமானில் ஆபத்து அதிகமுள்ள தொழில்களில் இருப்பவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பாதிக்குமேற்பட்டவர்களின் உடம்பில் இந்தக் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. விவசாய வேலை செய்கிறவர்களிடம் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 62 பேர். சாக்கடை வேலை செய்கிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள், கசாப்புக்காரர்கள் எல்லாரும் அதற்குக் கீழேதான். ஆக, ‘அசுத்தமான தொழில்’ என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதைவிட நாம் கும்பிடுகிற நெல்வயலில்தான் ஆபத்து அதிகம். தடயம் இருந்த எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லை. பலருக்கு லேசான காய்ச்சலோடு போயிருக்கும், அதைக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். நோயின் சுமையை எண்ணுவது ஏன் கஷ்டம் என்பது இதில் புரியும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வருவது மேலே மிதக்கிற ஆடை மட்டும்.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். வட அந்தமானில் 782 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பன்னிரண்டு வாரம். முடிவு கொஞ்சம் விசித்திரமானது. கிருமி உள்ளே நுழைவதை மாத்திரை தடுக்கவில்லை, இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் நோயாகப் படுத்தவர்கள் மாத்திரை சாப்பிட்ட பக்கம் நூற்றுக்கு 3, சாப்பிடாத பக்கம் கிட்டத்தட்ட 7. கள்ளன் வீட்டுக்குள் வருவதை நிறுத்த முடியாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிற கணக்கு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் ‘எலிப்பனி’ வருமென்று தெரிந்து, சேற்றில் இறங்கும் தொண்டர்களுக்கெல்லாம் கொடுத்தது இதே மாத்திரை, இதே அளவு. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது. மற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அப்புறம் என்னைத் திட்டுவார்கள்.

ஏன் எப்போதும் தீவுகளாகவே வருகிறது என்று கேட்கலாம். 2015இல் வந்த ஓர் உலகக் கணக்கீடு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு இந்த நோய் வருகிறது, 58,900 பேர் இறக்கிறார்கள் என்றது. மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் பசிபிக் தீவுகளும் கரீபியன் தீவுகளும் முன்வரிசையில் நிற்கின்றன. ஃபிஜியில் 2012 வெள்ளங்களுக்குப் பிறகு பெரிய அளவில் வந்தது. செஷல்ஸ், ரீயூனியன் என்று பட்டியல் நீள்கிறது. தீவு என்றால் இடம் குறைவு, மழை அதிகம். கப்பலில் வந்து இறங்கிய எலிக்கு அங்கே எதிரி குறைவு. மனிதனும் மாடும் பன்றியும் ஒரே ஓடைத் தண்ணீரில் புழங்க வேண்டியிருக்கும். ரத்தம் சுத்திகரிக்கிற மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகக் கடல் கடக்க வேண்டும். நான் சொன்ன தீவுகளின் பெயர்களில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நம் முன்னோரைக் கரும்பு வெட்டக் கப்பலேற்றிய ஊர்கள் அவற்றில் இருக்கின்றன.

கரும்பு என்றதும் ஒரு கதை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாகாணம், இங்ஹாம் என்ற கரும்பு ஊர். 1930களின் நடுவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். கரும்புக் காட்டில் எலி அடை அடையாக இருக்கும், சோகை கையைக் காலைக் கீறும், பனியில் எல்லாம் ஈரம். தொழிலாளர்கள் யாரிடமும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: வெட்டுவதற்கு முன் கரும்புக்குத் தீ வைத்தால் சோகை எரியும், எலி ஓடும், ஈரம் காயும். எரித்தால் தரம் குறையும், காசு நஷ்டம் என்றார்கள் ஆலைக்காரர்கள். 1934இல் வேலைநிறுத்தம், எரிக்க அனுமதி கிடைத்தது. 1935இல் மற்ற ஊர்களுக்கும் அது வேண்டும் என்று இன்னும் பெரிய வேலைநிறுத்தம். நோயைத் தடுக்கக் கூலிக்காரர்களே தெருவில் இறங்கிச் சண்டை போட்டது வைத்திய வரலாற்றில் அபூர்வம். எரிப்பதால் புகை, மண் கெடுதல் என்று இன்றைக்கு வேறு வாதங்கள் உண்டு, அதற்குள் போகவில்லை. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு போகிற வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இங்ஹாம் ஞாபகம் வரும். நம் வெட்டாள்களின் கைகளையும் பார்க்கிறேன். அதே கீறல்கள்.

தமிழ்நாட்டுக் கதை இல்லையா என்றால், இருக்கிறது. அது கண்ணில் போய் முடிந்தது. 1993இல் மதுரைப் பக்கம் பெருமழை, வெள்ளம். சில மாதம் கழித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண் சிவந்து பார்வை மங்கி ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். வழக்கமான கண்ணோய் மாதிரி இல்லை. டாக்டர் ரத்தினமும் உடன் பணிசெய்தவர்களும் விசாரித்தபோது, அவர்களில் பலருக்கு வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்து போயிருந்தது. எலிக்காய்ச்சல்! காய்ச்சலை மறந்தே விட்டார்கள், கண் மறக்கவில்லை. இதைக் கேட்டு மற்றவர்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம், குதிரை வைத்தியர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். குதிரைக்கு வந்து வந்து போகிற ஒரு கண்ணோய் உண்டு. நிலா வளர்வதும் தேய்வதும் போல என்று அந்தக் காலத்தில் நிலாவோடு முடிச்சுப் போட்டார்கள். அதற்கு முக்கியக் காரணம் இதே கிருமி. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் குதிரையைப் பற்றி இத்தனை பாடினவர்கள் இங்கே இருக்கிறார்கள், அதன் கண்ணைப் பற்றி யாராவது பாடியிருக்கிறார்களா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, செஞ்சிக்கு வருவோம். நம்முடையது தீவு இல்லை, கடலே இரண்டு மணி நேரத் தூரம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி கோடி போன பிறகு வல்லம் பக்கத்து ஊர்கள் எப்படி இருக்கும்? நாலு பக்கமும் தண்ணீர். கழனியில் சேடை ஓட்டி, அண்டை வெட்டி, காலை ஆறு மணிக்கு இறங்குகிற பெண்கள் மத்தியானம்வரை கரையேறுவதில்லை. நம் நெல் எல்லாம் வந்து குவிகிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைக்கு எத்தனை எலி என்று எண்ண நான் தயாரில்லை. அந்தமான் ஆராய்ச்சிக்காரர்கள் கண்ட 62 சதவீதத்துக்குத் தேவையான எல்லாம் இங்கே இருக்கிறது, அந்தக் கடலைத் தவிர.

இதில் ஒரு பொருளாதாரமும் உண்டு. இந்த நோய் அதிகம் தாக்குவது கிழவர்களை இல்லை, குழந்தைகளை இல்லை. இருபதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கிற, உழைக்கிற உடம்பை. அதுவும் நடவுக் காலத்தில், ஆண்டிலேயே கூலி அதிகம் கிடைக்கிற பதினைந்து இருபது நாளில். பிழைத்தாலும் அந்தக் கூலி போய்விடும். சிறுநீரகம் பழுதாகி விழுப்புரம், புதுச்சேரி என்று அலைந்தால் மாடும் போய்விடும். டெங்குவுக்குப் பயப்படுகிறோம், பயப்பட வேண்டியதுதான். டெங்கு மாடிவீட்டையும் தேடி வருகிறது, அதனால் அதற்கு விளம்பரம் உண்டு. சேற்றில் நிற்பவனுக்கு மட்டும் வருகிற நோய்க்குச் சுவரொட்டி அடிப்பவர்கள் கம்மி.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். மருந்து நன்றாக வேலைசெய்வதோ முதல் சில நாட்களில். இந்த முடிச்சை எந்த மெஷினும் முழுசாக அவிழ்க்கவில்லை. அதனால்தான் அந்த வயதான டாக்டரின் கேள்விக்கு இத்தனை மரியாதை தருகிறேன். நீங்களும் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு போனால், “டாக்டர், போன வாரம் அண்டை வெட்டினேன், காலில் சேற்றுப்புண் இருக்கிறது” என்று நீங்களாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மாடு கன்று வீசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாட்டுக் கதை எதற்கு என்று அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இருளர் குடியிருப்பு ஒன்றில் எனக்குப் பழக்கமான பெரியவர் அவர். பெயர் வேண்டாம். அறுவடை முடிந்த வரப்புகளில் எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர். வளையின் ஒரு வாயில் சட்டியை வைத்துப் புகை ஊதி, மறு வாயில் கையை விட்டு எலியைத் தூக்குவார். எலி சேர்த்து வைத்திருக்கிற நெல்லும் அவருக்குத்தான். விவசாயிக்கு எலி ஒழியும், இவருக்குக் கறியும் நெல்லும். நம் ஊரில் இந்தக் கிருமிக்கு எதிராக வேலை செய்கிறவர் யார் என்றால் முதலில் இவரைத்தான் சொல்ல வேண்டும். அதன் வாய்க்கு மிக அருகில் கையை விடுகிறவரும் இவர்தான்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்தார். வருஷாவருஷம் போடுகிற கூட்டு ஊசி. பேச்சுவாக்கில், இதில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து மருந்து இருக்கிறது என்றேன். பெரியவர் நாயையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அத எனக்குப் போட மாட்டீங்களா சார்?”

நாய் ஊசி மனுஷனுக்கு ஆகாது, மனிதர்களுக்குத் தனி ஊசி கியூபா மாதிரி சில நாடுகளில் போடுகிறார்கள், நம் நாட்டில் புழக்கத்தில் இல்லை என்று விளக்கினேன். கியூபாவும் தீவுதான் என்று சேர்த்துச் சொன்னேன், ஏதோ அதில் ஆறுதல் இருப்பதுபோல. அவர் தலையாட்டிக்கொண்டார். போகும்போது நான் வைத்திருந்த ரப்பர் கையுறையில் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். முழங்கைவரை வரும், நல்ல உறை.

தை மாதம் அந்தப் பக்கம் போனபோது, கையுறை குடிசைக் கம்பத்தில் ஆணியில் தொங்கியது. தூசு படிந்திருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“உற போட்டா வளைக்குள்ள எலி அசையறது வெரலுக்குத் தெரியல சார்” என்றார்.